அளக்காத இரண்டு நாள்

ஆய்வுகூட உதவியாள் வேலை என்றால் போத்தல் கழுவுகிறதும், உடைந்ததுக்குப் பதில் சொல்லுகிறதும்தான். உங்களில் அந்த வேலையில் மாரடித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அங்கேயே சிங்களமும் பழகி, சண்டைக் காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தனான்.

கோப்பையில் பயறு

எங்கள் விஞ்ஞான சேர் அன்புவழிபுரத்து ஆள், இளந்தாரி. ஒன்பதாம் வகுப்புக்கு வரைபு படிப்பிக்க ஒரு யோகட் கோப்பையில் பயறு ஊன்றினார். பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் அடிமட்டம் வைத்துச் செடியை அளப்பார்கள். தாளில் கீழே திகதி, பக்கத்தில் உயரம், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளடி. புள்ளடிகளைத் தொடுத்தால் கோடு.

இடையில் இரண்டு நாள் ஊரடங்கு. பள்ளிக்கூடம் பூட்டு. அந்த நாட்களுக்கு என்ன போடுகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். சேர் சொன்னார்: "அளக்காததைப் போட ஏலாது. அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ."

வடிவு

கப்பல்துறையில் இருந்து பஸ்ஸில் வரும் வசந்தி கெட்டிக்காரி. அறுந்த கோடு அழகில்லை என்று முகம் வாடி நின்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. "வடிவில்லைத்தான். ரெண்டு புள்ளடியைப் போட்டு இழுத்துவிடு பிள்ளை, ஆர் பாக்கப் போகினம்?" என்றேன். அவள் பென்சிலை எடுத்தாள். "பிழை வந்தா நீங்கள்தான் பொறுப்பு, அண்ணை."

இருபத்தெட்டுப் படம்

அன்று பின்னேரம் சேர் வரைபுகளைத் திருத்த வீட்டுக்குக் கொண்டு போனார். வழியில் ஆமிக்காரர் சென்றியில் மறித்துப் பையைத் திறந்திருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கோடு, ஒரே மாதிரிப் புள்ளடி, இருபத்தெட்டுத் தாள்! இயக்கத்துக்குப் பாதைப் படம் பங்கிடப் போகிறார் என்று பிடித்து இருத்திவிட்டார்கள். சேருக்குச் சிங்களம் வராது. அந்த நாளில் அப்படி இருத்தின எல்லாரும் வீடு திரும்பவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பின்னால் சைக்கிளில் போன கணக்கு டீச்சர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து சொன்னா: "பயறு எண்டு விரலால உருட்டிக் காட்டினார் அண்ணை, அவங்கள் துவக்குக் குண்டு எண்டு நினைச்சிட்டாங்கள்."

அதிகாரி அளந்தது

அடிமட்டத்தை இடுப்பில் செருகி, செடி முறியாமல் ஒரு கையால் கோப்பையை நெஞ்சோடு அணைத்து, மற்றக் கையால் சைக்கிளைப் பிடித்துச் சென்றிக்குப் போனனான். அதிகாரியின் மேசையில் கோப்பையை வைத்துச் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். அவர் தானே அடிமட்டத்தை வாங்கி அளந்தார். காலையில் போட்ட கடைசிப் புள்ளடி பதினான்கு சென்ரிமீற்றர். செடி அதைவிட ஒரு நூல்தான் கூட.

"இந்த வெறும் இடம்?"

"அது ஊரடங்கு, மாத்தயா. பள்ளிக்கூடம் இல்லை."

அவர் தன் கொப்பியைப் புரட்டினார். திகதி சரி. சேருக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரி ஒரு தாளை உருவினார். வசந்தியுடையது.

"ஊரடங்கில் இவர் மட்டும் எப்படி வந்து அளந்தார்? ஆர் ஆள்?"

 பேரைச் சொன்னால் அவள் வீட்டு வாசலுக்குத்தான் போவார்கள்.

"ஒருத்தரும் வரேல்லை, மாத்தயா. வடிவா இருக்கட்டும் எண்டு நான்தான் பொய்யா இழுக்கச் சொன்னனான். இருத்துறதெண்டால் என்னை இருத்துங்கோ."

அவர் அந்தத் தாளை மற்றதுகளோடு சேர்த்து வைத்தார். பிறகு தாள்களைச் சேரின் கையில் கொடுத்தார். "வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போ. அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு சண்டை முடியுமட்டும் பிள்ளைகளின் வரைபுகளில் எத்தனையோ கோடு அறுந்து கிடந்தது. வடிவில்லை என்று நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.