கைதட்டாத கட்சி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. உருளைக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பியை, வேலை சுணங்குகிறது என்று மேற்பார்வையாளர் கழற்றி வைத்திருந்தார். பக்கத்தில் நின்றவளின் விரல்கள் உள்ளே போனபோது இயந்திரத்தை நிறுத்தியது இவள்தான். அழுகை வரவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனாள். கம்பி மூலையிலேயே சாய்ந்து கிடந்தது.

கணவன் விட்டுப் போன பிறகு அண்ணன் வீடுதான் அவளுக்கு வீடு. மனம்விட்டுப் பேச அவரைத் தவிர ஆளில்லை. பஸ் ஓட்டுநரான அண்ணன் ஒரு சோஷலிசக் கட்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர். மழையோ பல்வலியோ, அங்கே எந்தப் பேச்சும் கடைசியில் கட்சியில்தான் போய் நிற்கும்.

கம்பி விஷயத்தைச் சொன்னாள்.

"தேர்தல் முடியட்டும்மா. உங்க ஆஸ்பத்திரி நிர்வாகி நம்ம கூட்டணி ஆளு. இப்பப் போய்ச் சீண்டினா காரியம் கெட்டுடும்."

"ஒருத்தி கையே போச்சே அண்ணே."

"தெரியும்மா," என்றார்.

அந்தக் கட்சியிலிருந்து பிரிந்த குழுவொன்று அச்சகத்து மாடியில் கூடிவந்தது. இரு தரப்புத் துண்டுப் பிரசுரங்களையும் அருகருகே வைத்துப் படித்தாள். என்ன வித்தியாசமென்று பிடிபடவில்லை. ஆனாலும் படியேறினாள்.

செயலாளர் ஒரு தையல்காரி. அவர் அறிக்கையை வாசித்து முடித்ததும், அண்ணன் கட்சிக் கூட்டங்களில் பழகிய கை தானாகத் தட்டியது. அவள் கை மட்டும்.

"இங்க கைதட்டுறதில்லக்கா," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். "தட்டினா கேள்வி கேக்க மறந்துடுவோம்."

பெரிய ஞானமாக அவளுக்குப் படவில்லை. இருந்தாலும் கேட்டாள்: "எங்க மிஷினுக்குக் கம்பி எப்ப வரும்?"

"தெரியாது," என்றார் தையல்காரி. "அங்க கம்பி வேணும்னு கேக்குறவங்க எத்தனை பேரு?"

"நான் மட்டுந்தான்."

"அப்பக் கஷ்டம். இன்னொருத்தரச் சேத்துக்குங்க. ஆஸ்பத்திரி கேட் முன்னாடி நிக்க நாங்க வர்றோம்."

யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. சேர்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் நெஞ்சு பொங்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்படியொன்றும் நடக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லாயிருக்கு! ரெண்டு கட்சிக்கும் இனி ஒரே அடுப்பா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "அவங்க நம்மள விட்டு ஓடிப் போனவங்க."

"அவங்க உங்களைத்தான் அப்படிச் சொல்றாங்க."

"இனிமே என்கிட்டப் பேசாத."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனார். வலிக்க வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கப் புதிதாக வந்திருப்பவளிடம் காலையில் எப்படிப் பேச்செடுப்பது என்று யோசித்தபடியே தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.