தண்ணீர்ப் பெட்டிக்குக் கீழே

அந்தச் செயலியில் பேசுவது என் குரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று தோன்றும்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட். பேச வராதவர்கள் டேப்லெட்டில் ஒரு பெட்டியைத் தொட்டால், அவர்களுக்காக அது பேச வேண்டும். கணினி பேசும் தமிழ், தாம்பரம் பிளாட்பார அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று நான்தான் குறை சொன்னேன். "அப்போ நீயே பேசுடி, தாயே" என்று கும்பிட்டான் என்னோடு வேலை செய்தவன். நாங்கள் இரண்டே பேர். லேப் அறையைச் சாத்தி, சத்தம் வரக்கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க ஆறு பெட்டிக்கும் பேசிக் கொடுத்தேன். தண்ணீர் வேண்டும். பசிக்கிறது. வலிக்கிறது. பாத்ரூம் போக வேண்டும். டிவி போடுங்கள். வேண்டாம்.

யாருக்காகச் செய்தோமோ அந்த அக்கா முடிச்சூரில் இருந்தார். முப்பது வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே கைகால்கள் அவர் சொன்னபடி கேட்காது, வாயில் வார்த்தை வராது. காது நன்றாகக் கேட்கும். புரியாதது ஒன்றுமில்லை. கோபமும் நன்றாக வரும். அவருடைய அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். நாங்கள் போகும்போதெல்லாம் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

அக்காவின் விரல் ஒரு பெட்டியை நோக்கிப் போகும். நடுங்கும். பக்கத்துப் பெட்டியையும் உரசிக்கொண்டு நிற்கும். எதைத் தொட்டார் என்று டேப்லெட்டுக்குத் தெரியாது. அதற்கு நான் ஒரு வழி எழுதினேன்: விரல் தடுமாறினால், அந்த இரண்டில் இதுவரை எந்தப் பெட்டியை அதிகம் தொட்டிருக்கிறாரோ அதையே எடுத்துக்கொள். அவ்வளவுதான், இருபது வரி. எங்கள் கைடு மேடம் "பிரமாதம்மா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கேன்டீனில் என் செலவில் இரண்டு பப்ஸ்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூ. வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். அக்கா நேரில் வந்து, அவர் முன்னால் செயலியைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் தேறுவது சந்தேகம் என்று மேடம் கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கு வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்திருந்தது. ப்ராஜெக்ட் போனால் அதுவும் போச்சு. திங்கட்கிழமையிலிருந்தே யாராவது "ரிவ்யூ" என்றாலே எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை மதியம் ஒத்திகை பார்க்க முடிச்சூருக்குப் போனோம். வாசலிலேயே அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"வா கண்ணு! இன்னிக்கு எத்தினி வாட்டி தண்ணி கேட்டா தெரியுமா? காலையிலேர்ந்து அஞ்சு வாட்டி! இத்தினி வருஷத்துல ஒருநாளும் வாய்தொறந்து கேட்டதில்ல. இப்போ பாரு, கேட்டுகினே கீறா!"

"செம!" என்று கூட வந்தவன் என் முதுகில் தட்டினான். எனக்கும் மனசு குளிர்ந்தது. ஒரு நிமிஷம்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிவந்து, இறுகி இருந்தது. எங்களைப் பார்த்ததும் வழக்கமாக ஒரு சிரிப்பு வரும், அன்று வரவில்லை.

அவன் மொபைலில் வீடியோ எடுக்க உட்கார்ந்தான். டேப்லெட்டை அக்காவின் மடியில் சாய்த்து வைத்தேன். விரல் போயிற்று, நடுங்கிற்று. "தண்ணீர் வேண்டும்" என்றது என் குரல். அம்மா தயாராக வைத்திருந்த டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி விரல். மறுபடி "தண்ணீர் வேண்டும்." மறுபடி டம்ளர். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் தாடையில் வழிந்து நைட்டியை நனைத்தது.

"நீதானே கேக்குற? அப்புறம் இன்னா அடம்?" என்று அம்மா கொஞ்சம் ஊற்றிவிட்டார். புரையேறிவிட்டது. ஐயோ, அந்த இருமல்! உடம்பு முழுக்க வில்லாக வளைந்தது, உதடு நீலம் பாரித்தது. அம்மா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். இருமல் அடங்கியதும் அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு பாத்ரூம் கதவைப் பார்த்தார். பிறகு வீடியோ எடுத்தவனைப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கல்லூரிக் கழிவறைக்குப் பயந்து, காலையில் ரயில் ஏறியதிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காதவள் நான். நாலு வருஷப் பழக்கம். அக்கா பாத்ரூம் போக வேண்டுமென்றால் அம்மா இடுப்பில் கைகொடுத்துத் தூக்க வேண்டும், துணியை விலக்க வேண்டும். வீட்டில் ஒரு பையன் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறான். அவர் எதற்குத் தண்ணீர் கேட்பார்? எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் இது?

லேப்டாப்பைத் திறந்தேன். விரல் உண்மையில் பட்ட இடங்களை எல்லாம் செயலி புள்ளிபுள்ளியாகச் சேமித்து வைத்திருக்கும். அதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. சரியாகப் பேசுகிறதே, எதற்கு என்று விட்டுவிட்டேன். டேப்லெட்டை அவர்கள் வீட்டில் விட்டுவந்த முதல் வாரப் புள்ளிகள் தண்ணீர்ப் பெட்டியின் நட்டநடுவில், நேராக, துளி நடுக்கம் இல்லாமல் இருந்தன. அது அக்காவின் கையே அல்ல. பழக்குவதற்காக அம்மா அவர் விரலைப் பிடித்து வைத்து வைத்துக் காட்டியது. அப்படிச் செய்யச் சொன்னதே நாங்கள்தான். அதற்குப் பிறகு அக்கா தானாகத் தொட்ட புள்ளிகள் அத்தனையும் தண்ணீர்ப் பெட்டிக்குக் கீழே இருந்தன. கீழே இருந்தது "வேண்டாம்" பெட்டி. விரல் மேல் ஓரத்தை உரசிய ஒவ்வொரு தடவையும் என் இருபது வரி அதைத் தண்ணீராக மாற்றிவிட்டது. மாற்றியதையும் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நான் என் வாயால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருபது வரியையும் அழித்தேன். "வேண்டாம்" பெட்டியைத் தண்ணீரிலிருந்து தள்ளி, கீழ் மூலையில் பெரிதாக வைத்தேன். டேப்லெட்டை மறுபடி மடியில் வைத்து, "அக்கா, தண்ணி வேணுமா?" என்றேன்.

விரல் கிளம்பியது. நின்றது. வழிதவறி டிவி பக்கம் போய்த் திரும்பியது. எவ்வளவு நேரம் ஆனதோ! பிடித்து வைத்துவிடலாமா என்று என் கை துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"வேண்டாம்."

அம்மா டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இத்தினி நாளா..." என்றார். அக்கா தோளைக் குலுக்கி, சத்தமாகச் சிரித்தார். அம்மா முந்தானையால் அவர் தாடையைத் துடைத்துவிட்டார்.

அங்கேயே கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒன்று பாக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை வருவதற்கு நாங்கள் அம்மாவிடம்தான் சம்மதம் வாங்கியிருந்தோம். அக்காவிடம் கேட்கவே இல்லை. நான் வாயைத் திறந்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கேக்காதடி, ப்ளீஸ். ரிவ்யூ முடியட்டும். நாம செத்தோம்."

எனக்கும் அதே பயம்தான். "அக்கா, வெள்ளிக்கிழமை காலேஜுக்கு வரணும். எல்லார் முன்னாடியும் இதைத் தொட்டுக் காட்டணும். வர்றீங்களா?"

இந்த முறை விரல் டிவி பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அறையில் எக்ஸாமினர், மேடம், நாங்கள் இருவர். காலி நாற்காலி ஒன்று. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். டேப்லெட்டை மேசையில் வைத்தேன். எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யூஸர் எங்கம்மா?"

"வரல சார்."

"ஏன்?"

"கேட்டோம் சார். வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு, வீட்ல இருக்கறவங்களா?"

"இல்ல சார்," என்றேன். "அவங்களே சொன்னாங்க."