ஜீப் நிறுத்தத்தில் பதிந்த குரல்கள்

கூடலூரில் ஒன்றாம் வகுப்பு நடத்தும் ஜெபஷீலாவுக்கு, பள்ளிக்கு வந்த டேப்லெட்டுகள் மேல் கொள்ளை நம்பிக்கை. படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும், எழுத்து மின்னும். பிள்ளைகளும் விரல் ஓயாமல் தொட்டார்கள். ஆனால் அதே எழுத்தைக் கரும்பலகையில் காட்டினால் வாய் திறக்க ஆளில்லை. ஜோதிகா என்ற சிறுமி வகுப்பில் பேசியதே கிடையாது.

"ஏன் தாயி, அது சொல்றதைத் திருப்பிச் சொல்ல மாட்டேங்குற?" என்று அவளருகில் உட்கார்ந்து கேட்டார்.

"அது யாருன்னே தெரியாது டீச்சர்," என்றாள் ஜோதிகா, காதோடு காதாக.

ஜெபஷீலாவுக்குச் சுருக்கென்றது. செயலியை நோண்டிப் பார்த்தார். நாமே குரல் பதிந்து சேர்க்க அதில் வழி இருந்தது.

மறுநாள் விடியுமுன் ஜீப் நிறுத்தத்துக்குப் போனார். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அங்கேதான் நிற்பார்கள். பிள்ளைகள் கண் விழிக்கும்போது அம்மாமார் மலையேறியிருப்பார்கள்.

ஒரு சொல்லைப் பேசிப் பதியக் கேட்டதும் ஜோதிகாவின் அம்மா அக்கம்மாள் பின்வாங்கினாள். "நான் படிக்காதவ. மத்த டீச்சருக கேட்டா சிரிப்பாகளே!"

"மக கிட்ட பேசுற மாதிரி, மழைன்னு சொல்லுங்க, போதும்."

அக்கம்மாள் தொண்டையைச் செருமினாள். "மள... மள வருது தாயி, உள்ள வா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 'நேரமாச்சு ஆத்தா' என்று அதட்டிக்கொண்டிருந்த ஜீப்காரர் ராக்கப்பன், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

தலைமையாசிரியை சாராள் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "பிள்ளைக மளன்னே படிச்சிரும், ஷீலா."

"முதல்ல வாயத் திறக்கட்டும் டீச்சர். நாக்கை அப்புறம் திருத்திக்கிருவோம்."

ஜோதிகா மழைப் படத்தைத் தொட்டாள். திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். "வந்துட்டேன்மா!" என்றாள் திரையிடம், வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி.

அம்மா குரலோடு நின்றுவிடவில்லை ஜெபஷீலா. அடுத்து தம் குரலில் 'மழை' என்று பதிந்தார். பிறகு படத்தை எடுத்தார், ஒலியையும் எடுத்தார், எழுத்தை மட்டும் விட்டுவைத்தார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது ஜோதிகா கரும்பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

இன்னமும் பல விடியல்களில் ஜெபஷீலா ஜீப் நிறுத்தத்துக்குப் போகிறார். ஒருநாள் அக்கம்மாளே முந்திக்கொண்டு வந்தாள்.

"எம்மக என்னையவே திருத்துறா டீச்சர்! மள இல்லம்மா, மழைங்குறா. நாக்கை மடிக்கச் சொல்லி உசிர வாங்குறா." முகமெல்லாம் பூரிப்பு. "சரி, இன்னைக்கு என்ன சொல்லணும்?"