கன்டெய்னர் சுவரில் ஒட்டிய எழுத்துகள்

பதினாறு வருஷம் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டினேன். அதற்கு மேல் இடுப்பு வலி விடவில்லை. அறந்தாங்கிக்குத் திரும்பி வந்த புதிதில், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட மனைவியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோனவனுக்குத் தன் வீட்டைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். அவள் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். பெண்கள் வந்துபோகும் இடம் என்பதால் பகல் முழுக்க நான் பின்னறையிலேயே இருப்பேன்.

பொழுது போகவில்லை என்று ஆன்லைனில் ஒரு மாடல் வண்டி வாங்கினேன். நான் ஓட்டிய அதே வகை டிரெய்லர், முழங்கை நீளத்துக்கு, ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் துண்டுகளாக வந்தது. ஒட்டிப் பெயின்ட் அடிக்க இரண்டு மாதம் பிடித்தது. கடைசியில், கன்டெய்னரின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டிய எழுத்துகள் மட்டும் பாக்கி.

தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் படலம் அது. வெங்காயச் சருகைவிட மெல்லிசு. வண்டிக் கதவில் முன்பே சுலபமாக ஒட்டியிருந்தேன். கன்டெய்னர் சுவர்தான் தகரக் கொட்டகை மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. படலம் மேடுகளின் மேல் மட்டும் உட்கார்ந்துகொண்டு பள்ளத்துக்குள் இறங்க மறுத்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். இரண்டாவது எழுத்து கிழிந்து விரலோடு வந்துவிட்டது.

வண்டியைத் தூக்கி பீரோ மேல் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, ஏன் அப்படியே விட்டுட்டீங்க என்று அவள் கேட்டாள். "அது ஒனக்குப் புரியாது" என்றேன். அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஆனாலும் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு யாரும் வர மாட்டார்கள். அன்று மத்தியானம் என்னை முன்னறைக்குக் கூப்பிட்டாள். என் வண்டி அவள் மேஜை விளக்கின் கீழ் இருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். கல்யாணப் பெண்களுக்கு நகத்தில் ஒட்டும் பூ ஸ்டிக்கர் ஒன்றை வெட்டி அதில் போட்டாள். என் வலது கட்டைவிரலைக் காட்டச் சொன்னாள். எப்போதோ கன்டெய்னர் கதவில் நசுங்கி, அதன்பிறகு வரப்பு வரப்பாகவே வளரும் நகம் அது. நகத்தை ஈரப்படுத்தி, பூவை வழுக்கி நகர்த்தி, காது குடையும் பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். அந்தக் கோணல் நகத்தில் பூ ஒரு சுருக்கமில்லாமல் படிந்துவிட்டது.

"ஒங்க எழுத்தும் இதுதானேங்க?" என்றாள்.

வண்டியோடு வந்திருந்த சின்னப் புட்டியை நான் பசை என்று நினைத்துத் திறக்கவே இல்லை. அவள் மோந்து பார்த்துவிட்டு, வினிகர் வாடை அடிக்கிறது, படலத்தை இளக்குகிற மருந்தாகத்தான் இருக்கும் என்றாள். மிஞ்சிய துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்தோம். பிறகு கை படாத மறுபக்கத்தில் எழுத்தை வைத்து மேலே பிரஷால் அந்த மருந்தைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் படலம் முழுக்கச் சுருங்கிப்போனது. இதுவும் போச்சு என்று கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. அதுவா எறங்கும்."

காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். புதுக்கோட்டைக்கு ஆறு மாசம் பஸ்ஸில் போய்வந்ததைச் சொன்னாள். போக பஸ், வர பஸ், சில நாள் நின்றுகொண்டே. நான் போனில், அதெல்லாம் எதுக்கு, வீட்டில் இரு என்று சொன்ன காலம் அது. அதை அவள் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது.

சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, எழுத்து பள்ளத்துக்குள் இறங்கியது. இறங்காமல் நின்ற இரண்டு இடத்தில் ஊசியால் குத்தி, மறுபடி மருந்து தொட்டு, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினாள். முதல் பக்கத்துக்கும் அதே மருந்தைத் தடவி, அங்கே கிழிந்த எழுத்தை நகத்துக்கு வரையும் பிரஷால் எழுதினாள். சாயங்காலம் பார்த்தபோது தகரத்திலேயே பெயின்ட் அடித்து எழுதியது போல இருந்தது. கடைசி எழுத்து மட்டும் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. அது நான் ஒட்டியது.

"அன்னைக்கு ஒனக்குப் புரியாதுன்னு சொன்னது தப்பு" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"சரி விடுங்க" என்று சொல்லிவிட்டு பிரஷ்களைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது முகம் இளகியிருந்தது.

வண்டியைப் படம் எடுத்து, இன்னும் அங்கே ஓட்டிக்கொண்டிருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். எழுத்து யார் போட்டது, அச்சு அசல் நம்ம வண்டி மாதிரியே இருக்கே என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்று பதில் போட்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் முன்னறை மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. அடுத்து மீன்பிடிப் படகு செய்கிறோம், கட்டுமாவடிக் கடற்கரையில் பார்த்த மாதிரி. பலகை பலகையாக இருக்கும் அதன் பக்கவாட்டில் நம்பர் ஒட்டும் வேலையை அவளிடமே விட்டிருக்கிறேன்.