ஆணி நிற்காத குளம்பு

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் என்ன வேலை? செய்தித்தாளைப் படித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். இரண்டு தெரு தள்ளி, கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் பாய் கூப்பிட்டபோது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கிளம்பினேன்.

"செத்த பாருங்க சார். முன்னங்கால ஊன மாட்டேங்குது. ஞாயித்துக்கிழம தங்கச்சி மகனுக்கு நிக்காஹ். இதுல ஏறித்தான் பள்ளிவாசலுக்குப் போவேங்குறான்."

அன்று வியாழக்கிழமை. வெள்ளைப் பெண்குதிரை இடது முன்னங்காலை நுனியில் வைத்து நின்றது. ஆணித்துளையிலிருந்து கீழே குளம்பின் வெளிச்சுவர் பிளந்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு உதிர்ந்திருந்தது. லாடம் ஆடியது. சுற்றிலும் பழைய துளைகள், சல்லடை போல.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை லாடம் மாற்றுகிறீர்கள்?"

"ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுசு சார். வீடியோவுல பழைய லாடம் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

குளம்பு வளர்ந்து பழைய துளை கீழே இறங்குவதற்குள் பக்கத்திலேயே அடுத்த துளை. காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் விசாரணை என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டும், அவர் அந்த இடத்தில் இல்லாதவராக இருப்பது நல்லது. லாடம் அடிப்பவரை வரச் சொன்னேன். வரும்வரை கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பாய் எனக்காக எடுத்துப் போட்ட நாற்காலி சும்மா கிடந்தது.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மொபட்டில் வந்தார். இறங்குவதற்குள் கேட்டேன், மாட்டு ஆணியை அடித்தீர்களா என்று.

"மாட்டு ஆணி வேற, குதிர ஆணி வேற. அது எனக்குத் தெரியாதா? செத்த நேரம் சும்மா இருங்க சார்."

குளம்பை மடியில் வைத்து நகத்தால் கீறினார். சுவரின் மேல்தோல் ஊறிய தேங்காய் நார் போலப் பிரிந்து வந்தது.

"பாய், இம்புட்டு ஊறிக் கெடக்கே, கம்மாயிலயா கட்டி வெச்சிருக்கீக?"

"தெனம் ரெண்டு வேள மருந்துத் தண்ணியில நிப்பாட்டுறேன். சார் எழுதிக் குடுத்ததுதான்," என்று பாய் பெருமையாகக் கொட்டகைச் சுவரைக் காட்டினார்.

பிளாஸ்டிக் உறைக்குள் என் கையெழுத்து. முன்பு அவர் வீட்டுப் பசுவுக்குக் கோமாரி வந்தபோது எழுதியது. எதில் கழுவுவது, எத்தனை வேளை என்பதெல்லாம் வரிசையாக இருந்தது. எந்த மாட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்பது மட்டும் இல்லை. அப்படி விட்டுப்போன கோப்புகளைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவன் நான். குதிரைக்கும் நல்லதுதானே என்று பாய் தொடர்ந்திருக்கிறார். தண்ணீரில் ஊறி, ஊர்வலத்தில் வெயிலேறிய தார்ச்சாலையில் காய்ந்து, மறுபடி ஊறிய சுவரில் எந்த ஆணி நிற்கும்?

"எழுத்தில் ஒரு விடுபாடு நேர்ந்திருக்கிறது," என்றேன்.

"குதிரைக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க சார்," என்றார் லாடக்காரர்.

"நான்தான் கெடுத்தேன், பாய்."

பாய் லாடக்காரரிடம் கேட்டார்: "ஞாயித்துக்கிழம நிக்குமா?"

"பின்னால கொஞ்சம் நல்ல சுவரு இருக்கு. அதுல அடிச்சா ஊர்வலம் முடியிற வரைக்கும் தாங்கும். அதும் பேந்துச்சுன்னா அப்புறம் ஆணி அடிக்க எடமே இல்ல. கால் போனது போனதுதான்."

பாய் குதிரையின் கழுத்தைத் தடவினார். எனக்குக் கால் தரிக்கவில்லை. பிறகு பாய் தங்கச்சி மகனுக்குப் போன் போட்டு, குதிரை வராது, கார் வைத்துக்கொள் என்றார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"காரா? ஊரெல்லாம் குதிரைன்னு சொல்லிட்டேன் மாமா! அப்ப நீங்களே என்னைத் தூக்கிட்டுப் போங்க!"

"வா, ஏறிக்க. எனக்கு லாடம் கூட வேணாம்," என்று போனை வைத்தார். சிரிக்கவில்லை.

லாடக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி உருவினார். புதுச் சுவர் முழுதாக இறங்க ஒரு வருஷம் ஆகலாம், அதுவரை காய்ந்த மணலில் நிற்கட்டும் என்றார். குதிரை வெறுங்குளம்பைத் தரையில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது.

பாய் என்னைப் பார்க்காமல் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு மணல் அள்ளப் போனார்.