லைனில் நிற்காத உம்மா

எங்கள் ஊரில் லைன் என்ற சொல்லைத் தொடாமல் ஒரு நாள் கழியாது. கரண்ட் போனால் லைன் இல்லை. போன் கரகரத்தால் லைன் கிளியர் இல்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடுவது அந்த லைன் பஸ். டியூஷன் கொட்டில் வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு பையன்கள் செய்வது லைன் அடிப்பது. அரசியல் மாறிப்போனவனைப் பற்றி, "அவன்ட லைன் இப்ப வேற" என்பார்கள். பள்ளிக்கூட நூலகத்தின் தடித்த அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பத்தி பத்தியாகப் போட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, எங்கள் ஊர்ப் பாவனையில் பாதி இதில் இல்லையே என்று இங்கிலிஷ் டீச்சரிடம் சண்டைக்குப் போனவள் நான்.

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு அந்தச் சொல்லுக்கு இன்னும் இரண்டு வேலை வந்தது. ஒன்று, பருப்புக்கும் பாய்க்கும் நிற்கிற லைன். மற்றது, கடலிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளந்து சிவப்புப் பெயின்ட் பூசிய கற்களின் லைன். அதற்கு உள்ளே யாரும் திரும்ப வீடு கட்டக்கூடாது. சந்தையில் சந்திக்கிறவர்கள் சலாம் சொன்ன கையோடு, "நீங்க லைனுக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் உள்ளே. வீடு போய், கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. வயல் பக்கம் மண் போட்டு நிரப்பிய காணியில் புது வீடு தருவதாகச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். கடல் கொண்டுபோனது உம்மாவின் வீடு. ஒரே பிள்ளையாகிய எனக்கு வரவேண்டியது.

பதிவு, பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்து, குடும்பத் தலைவர்கள் மட்டும் லைனில் நிற்கும்படி சொன்னார். ஆம்பிளைகள் எல்லாரும் எழும்பினார்கள். வாப்பாவும் எழும்பினார். உம்மா அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறீங்க?"

"லைனுக்குத்தான். தலைவர்மாரக் கூப்பிர்றாங்க."

"எந்த ஊட்டுக்கு நீங்க தலைவர்?"

வாப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார். உம்மா லைனைச் சுற்றிக்கொண்டு நேரே மேசைக்குப் போனார். நானும் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"என்ட பேர எழுதுங்க சேர்."

"அம்மா, உங்கட கணவர் இருக்கிறார்தானே? அவர்ட பேரிலதான் வீடு."

"கடல் எடுத்தது என்ட ஊடு. காணி உறுதிப் பத்திரம் என்ட பேர்ல."

"உறுதி எங்க?"

"அதுவும் கடல்லதான் சேர். போய்க் கேட்டுப் பாருங்க."

லைன் முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தொண்டையைச் செருமினார்.

"சேர், நான் கலியாணம் முடிச்சி வரக்குள்ள ஒரு பேக்கும் ரெண்டு சாரனும்தான் கொண்டு வந்த. ஊடு இவட."

"காக்கா, உங்கட தலைய மனிசி எடுத்திட்டாவோ?" என்று லைனிலிருந்து தம்பி முறையான ஒருவன் கத்தினான்.

"அது கலியாணத்தண்டே போயிட்டு தம்பி. உனக்கு இன்னும் இரிக்கா?"

அதிகாரி பேனாவை மூடினார். வாப்பாவின் பெயரைப் போடாவிட்டால் வீடு இல்லை என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் முகாமில் தந்திருந்த தகரக் கொட்டிலுக்குத் திரும்பினோம்.

கூடப் பதிந்தவர்கள் புது வீட்டுக்குப் போகப் போக, கொட்டில்கள் குறைந்துகொண்டு வந்தன. தகரச் சூட்டில் ஏ.எல். பாடம் படிப்பது அடுப்புக்குள் உட்கார்ந்து படிப்பது மாதிரி. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆர்ட பேர்ல இருந்தா என்ன உம்மா? வாப்பா நம்மளத் துரத்தவா போறார்?"

"உன்ட வாப்பா தங்கமான மனிசன். அவர் மௌத்தாகிக் கண்ண மூடினா? நமக்கு ஆம்பிளப் புள்ள இல்லாததால, மார்க்கச் சட்டப்படி அவர்ட பேர்ல உள்ள ஊட்டுல அவர்ட கூடப்பொறந்தவங்களுக்கும் பங்கு இரிக்கி. அது அவங்கட உரிமை. குத்தம் சொல்ல ஏலா. என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு, பங்குக்குப் போற ஊடா மாற உடமாட்டன்."

வாப்பா பக்கத்திலிருந்து, "நான் மௌத்தாகிறதப் பத்திக் கொஞ்சம் மெதுவாக் கதைங்க" என்றார்.

நாட்டில் யுத்தம் முடிந்தது என்று வீதியெல்லாம் வெடி கொளுத்திய வருடத்திலும் நாங்கள் கொட்டிலில்தான் இருந்தோம். உம்மா அலுவலகத்துக்குப் போவதை விடவில்லை. ஆம்பிளைகளின் லைனில் நிற்கமாட்டார்; சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். எத்தனையோ அதிகாரிகள் மாறி, கடைசியில் பாலமுனையைச் சேர்ந்த ஒரு பெண் அந்த அதிகாரிக் கதிரைக்கு வந்தார். உம்மாவைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சீதன ஊடா?"

"ஓம்."

"ரெண்டு பேர்ட பேரையும் போடுவமா?"

"வேணாம் மகள். அவர்ட உம்மாட ஊடு அவர்ட கூடப்பொறந்த ராத்தாக்குப் போச்சி. அதுல நான் பங்கு கேட்டனா?"

அந்தப் பெண் உம்மாவின் பெயரைத் தனியாக எழுதினார். வாப்பா சாட்சிக்குக் கையெழுத்து வைத்தார், பெரிய எழுத்தில்.

போன மாதம் எங்கள் புது வீட்டுக்குக் கலியாணத் தரகர் ஒருவர் வந்தார். மாப்பிள்ளை இஞ்சினியராம். வீட்டை மாப்பிள்ளையின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் வேறு ஒன்றும் கேட்கமாட்டார்களாம். உம்மா வாயைத் திறக்க முன்னர் நான் முந்திக்கொண்டேன்.

"ஊடு எனக்குத்தான் வரும். வாறெண்டா பேக்கோட வரட்டும்."

"இப்பிடிக் கதைச்சா ஆர் வருவாங்க மகள்?" என்றார் தரகர்.

"வராட்டி உடுங்க. நான் ஊட்டுலதானே இரிக்கன், தெருவுலயா நிக்கன்?"

சீதனத்துக்கு எதிராக மேடை மேடையாய்க் கத்துகிறவள் சீதன வீட்டை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறாளே என்று என் கூட்டாளிகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். மாப்பிள்ளை வாங்குவதற்கு நான் இதைக் கொடுக்கப் போவதில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் குடியிருக்கப் போகிற வீடு இது.