பேச்சு வராத அக்கா

என் வீட்டுக்காரர் மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். இருபத்திரண்டு வருஷம் அதே வேலை, அதே தெருக்கள். கேட்டுக்கு வெளியே நின்று "மீட்டே...ர்!" என்று ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், மூன்றாவது மாடியில் தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பவளுக்கும் கேட்கும். கதவு திறக்கும். நேராக மீட்டர் பெட்டிக்குப் போவார். உயரத்தில் மாட்டிய மீட்டரைப் படிக்க ஒரு குச்சியின் நுனியில் சின்னக் கண்ணாடி கட்டி வைத்திருந்தார். கண்ணாடியில் எண்கள் இடம்வலம் மாறித் தெரியும், அதையும் கடகடவென்று படித்துவிடுவார். ஆபீஸ் சட்டையைப் பார்த்துக் கதவைத் திறந்தவர்கள் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள். "மூவாயிரம் வீட்டுக்கு என்னைத் தெரியும். என் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் என் உடுப்பைப் போட்டுக்கொள்கிறார் என்பது தையல் பிரிந்துதான் எனக்குத் தெரிந்தது. நான் லாண்டரியில் பித்தான் தைக்கிறவள், பிரிந்த தையலைப் பார்த்தாலே அது எப்படிப் பிரிந்தது என்று சொல்லிவிடுவேன். என் இளநீலக் கவுனில் இரண்டு அக்குளும் விட்டிருந்தன. என் உடம்புக்கு அது பிரியவே பிரியாது. என்னைவிடப் பெரிய ஒருத்தி என் வீட்டுக்குள் வந்து என் கவுனைப் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் கையும் களவுமாகச் சிக்கட்டும் என்று ஒருநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பெரிய ஒருத்தி அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, மீட்டர் படிக்கிற குச்சிக் கண்ணாடியில் உதட்டுச் சாயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குச்சி கீழே விழுந்தது.

மூன்று நாள் சமைத்து வைப்பேன், தட்டைத் தள்ளுவேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவரே வாயைத் திறந்தார். "நான் ஆம்பளதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உன்னை விட்டு எங்கயும் போகப் போறதும் இல்ல. அதைப் போட்டுக்கிட்டா மட்டும் நெஞ்சுலேருந்து ஏதோ ஒரு பாரத்தை எறக்கி வச்ச மாதிரி இருக்கு. பதினஞ்சு வயசுலேருந்து இப்படித்தான்." அழுதார். எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் கோபம்தான் வரும். "சரி சரி, என்னோடதப் போட்டுக் கிழிக்காதீங்க. அளவு குடுங்க, தைச்சுத் தர்றேன்" என்றேன்.

தைத்தும் கொடுத்தேன். கரும்பச்சையில் முழுக்கைக் கவுன், கழுத்துவரை பித்தான், தோள்பட்டை தெரியாமலிருக்க மேலே ஒரு சால்வை. டோப்பா ஒன்றை அவரே எங்கிருந்தோ வாங்கி வந்தார். அறைக்குள் போட்டு நடந்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னங்க, மனை அளக்குற மாதிரியே நடக்கிறீங்க. பாதி பாதியா வைங்க காலை" என்றேன். நாலு மாதம் அறைக்குள் நடந்தார். பிறகு மாடிப்படி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு காலியாகக் கிடந்த நேரத்தில், முனை வரைக்கும். திரும்பி வந்தபோது சால்வை வேர்வையில் நனைந்து போயிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு களை. கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் முகத்தில் அதை நான் பார்த்ததில்லை, சொன்னால் என்ன.

பஸ் ஏறிப் பத்து நிறுத்தம் தள்ளிப் போக ஆரம்பித்தோம். நடை வந்துவிட்டது, குனியாமல் பார்க்க வந்துவிட்டது, பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்தால் கால்களைச் சேர்த்துக்கொள்ள வந்துவிட்டது. வராதது குரல் ஒன்றுதான். எவ்வளவு மெல்லப் பேசினாலும் அடியில் அந்த "மீட்டேர்" இருக்கும். ஒரு டீக்கடையில் கடைக்காரர் அவரைப் பார்த்து "சர்க்கரை தூக்கலாவா?" என்று கேட்டுவிட்டார். இவர் வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அக்காவுக்குப் பேச்சு வராதுங்க. பொறவியிலேயே."

"அடப் பாவமே" என்றார் கடைக்காரர். அன்றைக்கு டீயில் ஒரு கரண்டி சர்க்கரை அதிகமாகவே விழுந்தது. வெளியே வந்ததும் இவர் சிரித்த சிரிப்பில் டோப்பா நழுவப் பார்த்தது. "நல்ல தங்கச்சிதான் போ, ஒரே வார்த்தையில என் நாக்கைப் புடுங்கிட்டே" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் என் அக்கா. அக்கா வெயிலில் நடக்காதே, அக்கா இந்தப் பக்கம் வா என்று வாய் கூசாமல் கூப்பிடுவேன். கடைக்காரர் "உங்க அக்கா முகத்துல என்ன ஒரு அமைதி" என்றுகூட ஒருமுறை சொன்னார்.

தைரியம் வந்தால் ஆசையும் கூடவே வருகிறது. "நான் தினம் நடக்கிற தெருவுல, ஒரே ஒரு தடவை, இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் இதைப் போட்டுக்கிட்டு நடக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"அங்க என் மூஞ்சி யாருக்கும் தெரியாது."

"குரல் தெரியும்."

"நான்தான் ஊமையாச்சே" என்றார். அதற்குமேல் அவரோடு யார் மல்லுக்கட்டுவது?

போனோம். வெயில் தாழ்கிற நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் நன்றாகவே இருந்தது. இவர் ஒவ்வொரு கேட்டையும் கடக்கும்போது அனிச்சையாக நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். நான் முழங்கையால் இடித்தேன். இரண்டு பெண்கள் எதிரே வந்து எங்களைத் தாண்டிப் போனார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த முனைக்கு இன்னும் ஏழெட்டு வீடுதான் பாக்கி.

ஒரு வீட்டு முற்றத்தில் மீட்டர் பெட்டியின் குழாயிலிருந்து எதிர்ச்சுவருக்குத் துணிக்கொடியாக இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். மாதா மாதம் இவர் அவர்களைத் திட்டுவார், வந்து என்னிடமும் புலம்புவார். கம்பத்திலிருந்து வருகிற ஒயர் தோல் உரிந்து நாளுக்கு நாள் தாழ்கிறது, என்றைக்காவது அந்தக் கம்பியைத் தொடப்போகிறது என்பார். அன்றைக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. அந்த வீட்டுக்காரி வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, வாளியிலிருந்து ஒரு போர்வையைப் பிழிந்து எடுத்துக் கையை உயர்த்தினாள்.

"கொடியைத் தொடாதே! கரண்டு! கரண்டு!"

அந்தக் குரல். மூன்றாம் மாடிக்கும் கேட்கிற குரல். அவள் அப்படியே உறைந்து நின்றாள். இவர் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கேட்டைத் தள்ளி ஓடி, பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினார். அது போதாது, ஒயர் வெளியிலிருந்து வருகிறது, அவளைப் பிடித்து இழுத்து வராந்தாவில் தள்ளினார். அதில் டோப்பா கழன்று வாளிக்குள் விழுந்தது. அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "மீட்டர்காரரா?" என்றாள்.

நொடியில் கூட்டம். இழுத்துத் தள்ளியதைப் பார்த்தவர்கள் உண்டு, ஒயரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. "பொம்பள வேஷம் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள நொழையிறான்டா" என்று ஒருத்தன் கத்தினான். முதல் அறை அவன் கொடுத்ததுதான். இவர் ஒயரைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், யார் கேட்டார்கள்? உதடு கிழிந்தது, சட்டென்று தோளில் தையல் பிரிகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. உயிர் தப்பியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது யாரோ என்னைப் பார்த்தார்கள். "ஏம்மா, நீ இவன்கூட வந்தவதானே? இவன் யாரு உனக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். ரத்தம் வழிகிற உதட்டோடு, நேராக.

"எனக்கு யாருன்னே தெரியாது" என்றேன். "வழியில கூட நடந்து வந்தாங்க, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நடந்தேன். ஓடக்கூட இல்லை. பஸ் ஏறினேன், வீட்டுக்கு வந்தேன், அரிசி களைந்து உலையில் போட்டேன். இருபத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை அடிக்க விட்டுவிட்டு வந்து அரிசி களைந்திருக்கிறேன். என்னைக் கட்டையால் அடிக்க வேண்டாமா?

யாரோ போலீஸைக் கூப்பிட்டு, அவர்கள் ஆபீஸுக்குப் போன் செய்து, ஒருவழியாக ராத்திரி பத்து மணிக்கு அவர் வந்து சேர்ந்தார். உதட்டில் நாலு தையல், மேலே யாரோ கொடுத்த ஒரு பழைய சட்டை, கீழே அதே கவுன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "அந்த வீட்டு ஒயரை நாளைக்கே மாத்தச் சொல்லணும். நான் மறந்தாலும் நீ ஞாபகப்படுத்து."

"என்னை நாலு வார்த்தை திட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? நீ சரியாத்தானே சொன்னே. இல்லன்னா உன்னையும் அடிச்சிருப்பாங்க." அதோடு விட்டுவிட்டார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எவனோ போனில் படம் பிடித்திருந்தான். கல்யாணமாகிப் போன எங்கள் மகள் மறுநாளே கூப்பிட்டாள். "அம்மா, அவரோட என்னைப் பேசச் சொல்லாதே. என் மாமியார் வீட்டுல தலை காட்ட முடியல. நல்லவேளை, நீயாவது தெரியாதுன்னு சொன்னே." என் குரல் அதில் தெளிவாகப் பதிந்திருந்ததாம். லாண்டரியிலும் இரண்டு பேர் அதையே சொல்லி என்னைப் பாராட்டினார்கள். நான் செய்த காரியங்களிலேயே ஊர் மெச்சியது அது ஒன்றைத்தான்.

ஆபீஸில் அவரைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்கள் தனியாக இருக்கிற வீடுகள், புகார் வந்திருக்கிறது என்றார்கள். கழற்றி வந்த பழைய மீட்டர்களைத் துடைத்து அடுக்குகிற குடோனில் வேலை. கூப்பிட்டுக் கதவு திறக்க அங்கே யாரும் கிடையாது. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருவார். நான் ஒரு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை அவர்கள் நிஜமாக்கிவிட்டார்கள்.

இதோடு எல்லாம் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வாரம், உதட்டுத் தையல் பிரித்த மறுநாள், கரும்பச்சைக் கவுனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "தோள் விட்டிருக்கு. தைச்சுக் குடுக்கிறியா?"

"இன்னும் பட்டது போதாதா?"

"இனிமே யாருக்குத் தெரியணும்? எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே."

தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, டோப்பா இல்லாமல், தன் நரைத்த கிராப்போடு, எங்கள் முன்வாசல் வழியாகவே இறங்கினார். அன்றைக்கு முதுகில் அழுகிய தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த வாரம் கெட்ட வார்த்தை. அதற்கடுத்த வாரமும் போனார். அந்தத் தெருவை முனையிலிருந்து முனைவரை நடந்து முடித்துவிட்டேன் என்று ஒருநாள் வந்து சொன்னார். அந்த வீட்டுக்காரி கேட்டில் நின்று, முகத்தைப் பார்க்காமல், "ஒயர் மாத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னாளாம். "நல்லதும்மான்னு சொன்னேன்" என்றார். தன் குரலிலேயே சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போதெல்லாம் ஒன்று செய்வார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். நான் என் செருப்பைத் தேடிப் போட எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். கூப்பிடமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். நான் கையில் எதையாவது வைத்துத் தைத்துக்கொண்டே இருப்பேன். பிறகு அவர் படியிறங்குகிற சத்தம் கேட்கும்.

போன வாரம் அந்த டீக்கடைக்காரர் கோட்டு ஒன்றைக் கொடுக்க லாண்டரிக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் தலையைக் குனிந்து பித்தானைத் தைத்தேன்.

"உங்க அக்கா, இல்ல இல்ல, உங்க வீட்டுக்காரர் வாராவாரம் வர்றார், எல்லாம் அவரே சொல்லிட்டார். இப்ப அவரே கேட்டு டீ வாங்கிக்கிறார்" என்றார். "உங்க மூட்டு வலி எப்படியிருக்குங்க?"

"எந்த மூட்டு வலி?"

"அதான், நீங்க ஏன் கூட வர்றதில்லன்னு கேட்டேன். உங்களுக்கு மூட்டு வலி, நடக்க முடியலன்னு சொன்னார். ஒவ்வொரு வாரமும் கேப்பேன், இன்னும் சரியாகலன்னுதான் சொல்றார்."

என் மூட்டுக்கு ஒரு கேடும் இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு அவர் வாசலில் நின்றார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார் என்று நினைக்கிறேன். என் செருப்பு அவர் செருப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. எனக்குத்தான் எழுந்திருக்கக் கால் வரவில்லை.